பூட்டிக் கிடக்கும் வீட்டை வாங்கலாமா? ராமநாதபுரம் கடலோர ஊர்களுக்கான கேள்வி பதில்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ராமேசுவரம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று கடலை ஒட்டிய ஊர்களில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஆளில்லாத வீடு ஒன்றிரண்டு கண்ணில் படும். வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் சென்னைக்கும் போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களின் வீடுகள், பங்காளித் தகராறில் பூட்டியவை, உப்புக்காற்றில் சிலாப் பெயர்ந்து இருக்க முடியாமல் விட்டவை. முதன்முதலில் சொத்தில் பணம் போட நினைப்பவர்கள் இவற்றைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த வீடுகள் மலிவாகக் கிடைப்பதற்குப் பெரும்பாலும் இடிந்த சுவர் காரணமில்லை. கையெழுத்துப் போட வேண்டியவர்கள் நாலு ஊரில் சிதறிக் கிடப்பதுதான் காரணம். அவர்களை ஒன்றுசேர்க்கும் வேலையைத்தான் நீங்கள் விலைக்கு வாங்குகிறீர்கள். அந்த வேலை முடியாத வரை, எவ்வளவு மலிவு என்றாலும் அது மலிவில்லை.

பல வருடமாக யாருமே வராத வீட்டுக்கு உரிமையாளர் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. பூட்டிக் கிடப்பதால் உரிமை போய்விடாது. வாரிசே இல்லாமல் ஒருவர் இறந்தால்கூட, சொத்து அரசுக்குத்தான் போகும். பக்கத்து வீட்டுக்காரருக்கோ முதலில் பார்த்தவருக்கோ போகாது. ‘12 வருடம் அனுபவித்தால் சொந்தம்’ என்று டீக்கடையில் சொல்வார்கள். உரிமையாளருக்குத் தெரியும்படி, அவர் உரிமையை மறுத்து, இடைவிடாமல் 12 ஆண்டு வைத்திருந்ததை நீதிமன்றத்தில் நிரூபித்தால்தான் அந்த வாதம் நிற்கும். அரசு நிலமென்றால் 30 ஆண்டு. இதை நம்பிப் பூட்டை உடைத்து உள்ளே போனால் உங்கள் மேல் அத்துமீறல் வழக்குதான் வரும். ‘சும்மா சுத்தம் பண்ணி வைக்கிறேன்’ என்று கருவேலத்தை வெட்டுவதற்குக்கூட உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

எப்படித் தேடுவது?

இணையத்தில் தேடினால் கிடைப்பவை தரகர் கைக்கு வந்துவிட்ட வீடுகள். மற்றவற்றை நடந்துதான் பார்க்க வேண்டும். காலையில் ஒரு தெரு, மாலையில் ஒரு தெரு என்று நடங்கள். வாசலில் முழங்கால் உயரத்துக்குச் சீமைக் கருவேலம், படியில் மணல் மேடு, துருவேறி ஒட்டிப்போன பூட்டு, மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயர் அறுந்து தொங்குவது இவையெல்லாம் அடையாளம். மீட்டர் பெட்டியில் இணைப்பு எண் எழுதியிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு விசாரிக்க வேண்டியவர்கள்: தபால்காரர், மின் கணக்கு எடுப்பவர், தலையாரி, தெருமுனை மளிகைக் கடைக்காரர். ஜமாஅத் அலுவலகத்திலும் பங்குச் சாமியார் வீட்டிலும் எந்தக் குடும்பம் எங்கே போனது என்று தெரிந்திருக்கும். மூத்த பத்திர எழுத்தர் ஒருவரைப் பழகி வைத்துக்கொள்வது பத்துத் தரகரைப் பழகுவதற்குச் சமம். எந்த வீட்டு விற்பனை எந்த வாரிசால் நின்றது என்பது அவருக்குத்தான் தெரியும்.

உரிமையாளர் ஊருக்கு வரும் நாட்களும் முக்கியம். நோன்புப் பெருநாள், கோயில் கொடை, மாதா திருவிழா, மே மாதப் பள்ளி விடுமுறை ஆகிய சமயங்களில் வெளியூரில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் வந்து சேருவார்கள். விசைப்படகு மீனவக் குடும்பங்களிடம் பேச ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள தடைக்காலம் நல்ல சமயம். ஆண்கள் கரையில் இருப்பார்கள்.

பெயர் தெரிந்துவிட்டது. காகிதத்தை எந்த வரிசையில் பார்ப்பது?

சர்வே எண்ணிலிருந்து தொடங்குங்கள். அரசின் இ-சேவைத் தளத்தில் பட்டா, அ-பதிவேடு (நிலத்தின் வகையையும் உரிமையையும் காட்டும் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் பார்க்கலாம். அ-பதிவேட்டில் அந்த எண் ‘நத்தம்’ (குடியிருப்பு நிலம்) என்றிருக்கிறதா, ‘புறம்போக்கு’ (அரசு நிலம்) என்றிருக்கிறதா, கோயில் அல்லது வக்ஃப் பெயரில் இருக்கிறதா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். புறம்போக்கு, கோயில், வக்ஃப் என்றிருந்தால் மேற்கொண்டு ஒரு ரூபாய் செலவழிக்க வேண்டாம்.

அடுத்தது மூலப் பத்திரம். நகலைப் பார்த்துத் திருப்தியடையாமல் அசலைக் கையில் வாங்கிப் பாருங்கள். ‘அசல் தொலைந்துவிட்டது’ என்றால், அது ஏதாவது கடனுக்கு அடமானமாகப் போயிருக்கலாம் என்ற சந்தேகத்தோடுதான் பேச வேண்டும். அதன் பிறகு வில்லங்கச் சான்று, இறப்புச் சான்றுகள், வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு விவரம். வரி ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று நினைக்காதீர்கள். வரியை யார் வேண்டுமானாலும் கட்டலாம்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 2.47 சென்ட், 1,076 சதுர அடி. பட்டாவில் 0.01.50 என்று இருந்தால் ஒன்றரை ஏர், அதாவது சுமார் 1,615 சதுர அடி. பழைய பத்திரத்தில் முழக் கணக்கும் ‘இன்னார் வீட்டுக்கு மேற்கு, இன்னார் கொல்லைக்குத் தெற்கு’ என்ற நான்கு மாலும்தான் இருக்கும். அந்த இன்னார்கள் இறந்து ஐம்பது வருடம் ஆகியிருக்கும். அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். பூட்டிய வீட்டின் கொல்லைப்புறத்தில் பக்கத்து வீட்டுக் கழிவறையோ மாட்டுக் கொட்டகையோ இரண்டடி ஏறியிருப்பது சாதாரணம்.

நத்தம் வீடு என்றால் பயப்பட வேண்டுமா?

வேண்டாம். கிராம நத்தம் என்பது குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலம். அதில் நீண்ட காலம் குடியிருந்தவருக்கு உரிமை உண்டு, விற்கவும் செய்யலாம். சிக்கல் வேறு இடத்தில். நத்தம் நிலவரித் திட்ட அளவை நடந்தபோது வீட்டில் யார் இருந்தாரோ அவர் பெயரில் பட்டா விழுந்திருக்கும். மூன்று அண்ணன் தம்பிகளில் இருவர் கொழும்பில் இருந்திருந்தால், ஊரில் இருந்தவர் பெயர் மட்டும் பட்டாவில் இருக்கும். அவர் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்ற வீட்டை மற்ற இருவரின் பிள்ளைகள் வழக்குப் போட்டு முடக்கலாம்.

வில்லங்கச் சான்றில் எதுவும் இல்லை. அது போதாதா?

போதாது. பதிவான பத்திரங்களை மட்டும்தான் அது காட்டும். பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நடந்துகொண்டிருக்கும் வழக்கு எதுவும் அதில் வராது. இணையத்தில் பெரும்பாலும் 1975க்குப் பிறகான பதிவுகளே கிடைக்கும். அதற்கு முந்தியதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேட வேண்டும். அலுவலக எல்லைகள் மாறியிருப்பதால், அந்த ஊர் முன்பு எந்த அலுவலகத்தின் கீழ் இருந்தது என்று கேட்டு அங்கேயும் தேடுங்கள். சர்வே எண்ணை வைத்து மட்டும் தேடாமல் கதவு எண்ணையும் வைத்துத் தேட வேண்டும். பழைய நத்தம் பத்திரங்கள் பலவற்றில் சர்வே எண்ணே இருக்காது.

கீழக்கரை போன்ற ஊர்களில் இன்னொன்றும் உண்டு. பெண்ணுக்குத் திருமணத்தின்போது வீடு கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பது பழைய வழக்கம். இஸ்லாமிய முறைப்படி, கொடுத்தேன் என்று சொல்லி, பெற்றவர் ஏற்று, வீட்டை ஒப்படைத்துவிட்டாலே ஹிபா (தானம்) செல்லும், பதிவு கட்டாயமில்லை. வில்லங்கச் சான்றில் வாப்பா பெயர் இருக்கும், வீடு முப்பது வருடம் முன்பே மகளுக்குப் போயிருக்கும். மகன்கள் எல்லாரும் கையெழுத்துப் போடத் தயாராக நிற்கிறார்கள், மகளைக் காணோம் என்றால் இதை நினைத்துப் பாருங்கள்.

வாரிசுகள் எத்தனை பேர் என்று எப்படி உறுதி செய்வது?

வேலையில் பாதி இதுதான். ஒரு பெரிய தாளை எடுத்து, பட்டாவிலோ பத்திரத்திலோ உள்ள பெயரை மேலே எழுதி, குடும்ப மரம் வரையுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் உயிரோடு இருக்கிறாரா, இறந்திருந்தால் எந்தத் தேதி, அன்றைக்கு அவரைச் சார்ந்து யார் யார் இருந்தார்கள் என்று குறியுங்கள். தேதி மிக முக்கியம். யார் முதலில் இறந்தார் என்பதைப் பொறுத்துப் பங்கு மாறும்.

ஒரு கணக்கு பாருங்கள். ஓர் இந்து ஆண் தன் சுயசம்பாத்திய வீட்டை உயில் எழுதாமல் விட்டு இறக்கிறார். அன்றைக்கு அவருக்குத் தாய், மனைவி, இரண்டு மகன், ஒரு மகள். ஐந்து பேருக்கும் சமமாக ஐந்தில் ஒரு பங்கு. தாயை எல்லாரும் மறந்துவிடுவார்கள். பிறகு அந்தத் தாயும் இறந்துவிட்டால், அவருடைய ஐந்தில் ஒரு பங்கு அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும். அதாவது இறந்தவரின் தங்கை மண்டபத்தில் வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தால், அந்த அத்தையின் கையெழுத்தும் வேண்டும். வாரிசுச் சான்றைப் பார்த்து நால்வரிடம் மட்டும் வாங்கியவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

கிறிஸ்தவக் குடும்பமென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம் குடும்பமென்றால் பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய் தந்தை உயிரோடிருந்தால் ஆளுக்கு ஆறில் ஒன்று, மீதியில் மகனுக்கு இரண்டு என்றால் மகளுக்கு ஒன்று. அங்கே மகன் ஒருவர் உயிரோடிருந்தால், முன்பே இறந்த மகனின் பிள்ளைகளுக்குப் பங்கு வராது, இந்துக்களில் வரும். இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் பிறப்பால் சம உரிமை என்பது 2005 திருத்தத்துக்குப் பிறகு நாடு முழுவதும் சட்டம். ‘கட்டிக் கொடுத்துவிட்டோம், அவளுக்கு என்ன பங்கு’ என்ற பேச்சு நீதிமன்றத்தில் செல்லாது.

18 வயது நிரம்பாத வாரிசு இருந்தால், இந்துக் குடும்பத்தில் அந்தப் பிள்ளையின் தனிப் பங்கை விற்கத் தாயானாலும் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். வாங்காவிட்டால், பிள்ளை பெரியவரானதும் மூன்று ஆண்டுக்குள் விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். கடலுக்குப் போய்த் திரும்பாதவர் ஒருவர் வாரிசுகளில் இருப்பதும் இந்தக் கரையில் புதிதல்ல. ஏழு ஆண்டு அவரைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளும்படி நீதிமன்றத்தில் கேட்கலாம். அந்தத் தீர்ப்பு கைக்கு வரும் வரை காத்திருங்கள். அவர் மனைவியிடம் இதைப் பேசும்போது வீட்டு விலையிலிருந்து தொடங்காதீர்கள்.

ஒரு பங்காளி ‘என் பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்கிறார். வாங்கலாமா?

முதல் வீட்டில் வேண்டவே வேண்டாம். பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வாங்கும் வெளியாளுக்கு, மற்றவர்களோடு சேர்ந்து உள்ளே குடியேறும் உரிமை கிடையாது. பாகப்பிரிவினை வழக்குப் போடலாம், அவ்வளவுதான். வழக்குப் போட்டால், உங்கள் பங்கை நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்குக் குடும்பத்தாரே திரும்ப வாங்கிக்கொள்ளவும் 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆக, பணத்தை முடக்கி, பல வருடம் அலைந்து, வீடும் கிடைக்காமல் போகலாம்.

இதற்குப் பதிலாக, குடும்பத்தார் எல்லாரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து ஒருவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து, அவரிடமிருந்து நீங்கள் கிரயம் பெறலாம். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்குக் கட்டணம் கிரயத்தைவிட வெகு குறைவு. ஒருவருக்கொருவர் முகம் பார்க்காத பங்காளிகளை ஒரே நாளில் ஒரே அலுவலகத்தில் நிறுத்துவதைவிட இது நடைமுறையில் சுலபம்.

வாரிசுகள் வெளிநாட்டில் இருந்தால்?

அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற அதிகாரப் பத்திரத்தை (பவர்) ஊரில் ஒருவருக்கு அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்து முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். உறை வந்த தேதி தெரியும்படி கூரியர் கவரைப் பத்திரமாக வையுங்கள். அதிகாரம் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தப் பத்திரமும் செத்துவிடும். அதனால் பதிவு அன்று காலை அவரோடு வீடியோவில் பேசி, உயிர்ச் சான்றையும் கையில் வைத்துக்கொண்டு அலுவலகம் போங்கள்.

வரியிலும் ஒரு பொறி உண்டு. விற்பவர் உள்நாட்டில் இருப்பவரென்றால் வீட்டு விலை 50 லட்ச ரூபாயிலிருந்துதான், அதில் 1% வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டும் வேலை உங்களுக்கு. வருமான வரிக் கணக்கில் அவர் வெளிநாட்டுவாசி என்றால், பத்து லட்ச ரூபாய் வீட்டுக்கும் நீங்கள்தான் வரி பிடிக்க வேண்டும், விகிதமும் பல மடங்கு அதிகம். பிடிக்காமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டால் அந்த வரி உங்கள் தலையில் விழும். ஒப்பந்தம் எழுதும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

இலங்கைக் குடியுரிமை பெற்றுவிட்ட வாரிசு இருக்கிறாரா என்றும் கேளுங்கள். இந்தக் கரையில் அது அரிதல்ல. வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை இல்லாத இலங்கைக் குடிமக்கள், இங்குள்ள அசையாச் சொத்தைக் கைமாற்ற ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும்.

எந்த வீட்டைத் தொடவே கூடாது?

தனுஷ்கோடியில் எதையும் வாங்காதீர்கள். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு அது குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ‘தாத்தா பெயரில் அங்கே மனை இருக்கிறது’ என்று காகிதம் காட்டுபவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம்.

ஊருணிக் கரை, கடற்கரைப் புறம்போக்கு, கோயில் நிலம், வக்ஃப் நிலம் இவற்றில் உள்ள வீடு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் வேண்டாம். வக்ஃப் நிலமா என்பதை ஜமாஅத்தில் வாய்வார்த்தையாகக் கேட்டு விட்டுவிடாமல் பதிவேட்டில் பாருங்கள். பட்டியல் சமூகத்தாருக்கு அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலத்தை மற்ற சமூகத்தார் வாங்கினால் அது செல்லாது. வாங்குவது அறமும் இல்லை. இலவச வீட்டுமனை ஒப்படைப் பட்டாவாக இருந்தால், விற்கத் தடை இருக்கிறதா என்று பட்டாவின் நிபந்தனைகளைக் கடைசி வரி வரை படியுங்கள்.

வீடு கடலுக்கு மிக அருகில். இடித்துக் கட்டலாமா?

உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. கிராமப் பகுதியில் முதல் 200 மீட்டர் பொதுவாக வளர்ச்சி தடைசெய்யப்பட்ட பகுதி. அங்கே புதிதாகக் கட்ட முடியாது. ஏற்கெனவே அனுமதியோடு இருக்கும் கட்டடத்தைப் பழுதுபார்க்கவோ, அதே அடித்தளப் பரப்புக்குள் திருப்பிக் கட்டவோதான் அனுமதி கேட்கலாம். நகராட்சிப் பகுதிகளில் விதி வேறு.

இதில் பலர் செய்யும் தவறு, வாங்கிய கையோடு பொக்லைன் விட்டு இடித்துவிடுவது. இடித்தபின் அங்கே எவ்வளவு பெரிய வீடு இருந்தது என்பதற்குச் சாட்சியே இல்லை; மனை வெறும் மணலாகிவிடும். சுவர் நிற்கும்போதே அளந்து, பொறியாளரிடம் வரைபடம் வாங்கி, நாலு பக்கமும் படமெடுத்து, பழைய வரி ரசீதுகளோடு மனுக் கொடுத்து, அனுமதி கைக்கு வந்த பிறகு கடப்பாரையைத் தொடுங்கள்.

கட்டடத்தில் என்ன பார்க்க வேண்டும்?

இந்தக் கரையில் பூட்டிய வீடுகள் பெரும்பாலும் இரண்டு வகை.

ஒன்று, 1980, 90களில் வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த கான்கிரீட் வீடுகள். வெளியே பார்க்கப் புதிதாகத் தெரியும், ஆபத்து இவற்றில்தான் அதிகம். கலவைக்குக் கடல் மணலும் கிணற்று உப்புத் தண்ணீரும் போயிருந்தால் உப்பு உள்ளேயே இருக்கிறது. காற்றில் வரும் உப்பு வேறு. கம்பி துருப்பிடித்தால் துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அது கீழே உள்ள கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கிறது.

ஏணி போட்டு ஏறி, சிறு சுத்தியலால் சிலாப்பின் அடிப்பக்கத்தை ஓரடிக்கு ஓரிடம் தட்டிப் பாருங்கள். ‘ணங்’ என்று கேட்டால் பிடிப்பு இருக்கிறது. ‘பொத்’ என்று கேட்டால் உள்ளே பிரிந்துவிட்டது. அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். கம்பி ஓடும் கோட்டிலேயே நேராகப் பழுப்புக் கறையும் விரிசலும் இருந்தால் தட்டவே வேண்டாம், பதில் தெரிந்துவிட்டது. பெயர்ந்த இடத்தில் கம்பியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து வெர்னியரால் அளக்கச் சொல்லுங்கள். 8 மில்லிமீட்டர் கம்பி 7 ஆகியிருந்தாலே அதன் குறுக்குப் பரப்பில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு போய்விட்டது. வட்டங்கள் அறையில் மூன்றில் ஒரு பகுதியைத் தாண்டினால், சிலாப்பை எடுத்துப் புதிதாகப் போடும் செலவை வைத்து விலை பேசுங்கள். மேலே சிமெண்ட் பூசி வெள்ளையடித்துக் காட்டுபவர்கள் உண்டு. புதுப் பூச்சு கூரையில் மட்டும் இருந்தால் அங்கேதான் முதலில் தட்ட வேண்டும். சன்ஷேடும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரும் சிலாப்புக்கு முந்தி விழும். அவற்றின் கீழே நின்று பேசாதீர்கள்.

புதிதாகப் போடும்போது பழைய தவறைச் செய்யாமல் இருக்க, பொறியாளரிடம் எம்30 கலவை, கம்பிக்கு 45 மில்லிமீட்டர் மூடல் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம்) என்று கேளுங்கள். கடலோரக் கடுஞ்சூழலுக்கு இந்தியத் தரநிலை சொல்வது அதுதான்.

இன்னொரு வகை, தடித்த சுண்ணாம்புக் காரைச் சுவரும் ஓடும் பனங்கையும் (பனைமரச் சட்டம்) உள்ள பழைய வீடு. சில வீடுகள் கடலில் எடுத்த பவளப்பாறைக் கல்லால் கட்டியவை. சுவரை விரல் நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்து, நாக்கில் வைத்தால் கரிக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இவை திருத்தக்கூடியவை. சிமெண்ட் மட்டும் பூசக் கூடாது. ஈரமும் உப்பும் வெளியேற வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னால் சேர்ந்து, இரண்டு மழைக்காலத்தில் பாளம் பாளமாகத் தள்ளிவிடும். சுண்ணாம்புக் கலவைதான் ஏற்றது. உடைந்த இடத்துக்குப் புதிய பவளக்கல் தேடாதீர்கள். பவளப்பாறை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. செங்கல் வைத்துச் சரிசெய்யலாம். பனங்கையைக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள், சுவருக்குள் போகும் முனைகளில்தான் கரையான் முதலில் பிடிக்கும்.

நவம்பரில் ஒரு மழை நாளில் கட்டாயம் போய்ப் பாருங்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. எந்தத் தெருவில் தண்ணீர் நின்றது, வாசற்படியில் எத்தனையாவது படி வரை ஏறியது என்று பக்கத்து வீட்டார் இன்றும் சொல்வார்கள்.

தண்ணீர்?

விலையில் பாதியைத் தீர்மானிப்பது அதுதான். கிணற்றுத் தண்ணீரை உப்பு அளக்கும் மீட்டரில் பாருங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்ல தண்ணீர், 2,000 தாண்டினால் குடிக்க ஆகாது. ராமேசுவரம் தீவு போன்ற மணற்பாங்கான இடங்களில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாகத்தான் மிதக்கிறது. ஆழ்துளை போட்டு இழுத்தால் அடியிலுள்ள உப்பு மேலே வந்து உங்கள் கிணறும் போகும், அக்கம்பக்கத்துக் கிணறுகளும் போகும். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் தெருவில் இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மொத்தம் எவ்வளவு பணம் வைத்திருக்க வேண்டும்?

கிரயத்துக்கு முத்திரைத் தீர்வையும் கூடுதல் தீர்வையுமாக 7%, பதிவுக் கட்டணம் 2%. பதிவு மதிப்பு 12 லட்சம் என்றால் 84,000 கூட்டல் 24,000, ஆக 1,08,000 ரூபாய். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்குக் கீழே எழுத நினைக்காதீர்கள். இதற்கு மேல் வக்கீல் கருத்துரை, அளவை, வாரிசுகளின் போக்குவரத்து, மின்சார, வரி நிலுவை. மின் நிலுவை அந்த இணைப்போடு ஒட்டியே வரும், புது உரிமையாளரிடமும் கேட்பார்கள்.

பாழடைந்த வீட்டுக்கு வங்கிகள் கடன் தரத் தயங்கும். அதனால் வாங்கும் பணம், திருத்தும் பணம் இரண்டும் கையில் இருக்க வேண்டும். திருத்தும் மதிப்பீட்டுக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு தனியே வையுங்கள். பூட்டிய வீட்டில் கூரையைப் பிரித்த பிறகுதான் பாதி செலவு தெரியும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ முன்பணத்தை ரொக்கமாகக் கொடுக்கவும் வாங்கவும் கூடாது, சட்டப்படி அபராதம் உண்டு. வாங்கி 24 மாதத்துக்குள் விற்றால் லாபம் குறுகிய கால ஆதாயமாகி, உங்கள் வழக்கமான வருமானத்தோடு சேர்ந்து வரி போடப்படும்.

2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததைச் சொல்லி விலை ஏற்றுகிறார்கள். அதே தெருவில் கடந்த ஓராண்டில் பதிவான கிரயங்களைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

முன்பணம் எப்போது கொடுப்பது?

குடும்ப மரத்தில் ஒரு கிளைகூட விடுபடாமல் எல்லாரும் சம்மதித்த பிறகு. தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். இருபது ரூபாய்ப் பத்திரத் தாளில் எழுதி நோட்டரி முத்திரை வைத்தது உங்களைக் காப்பாற்றாது. எந்தத் தேதிக்குள் யார் கையெழுத்தைக் கொண்டுவருவது யார் பொறுப்பு, வராவிட்டால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்று பெயர் போட்டு எழுதுங்கள்.

கதவு, நிலை, ஜன்னல், உத்திரம், ஓடு எல்லாம் விலையில் சேர்த்தி என்றும் எழுதி, படத்தை இணையுங்கள். ஒப்பந்தத்துக்கும் பதிவுக்கும் இடையே உள்ள இரண்டு மாதத்தில் பர்மாத் தேக்குக் கதவு கழன்று காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போய்விடும். பதிவு அன்று வெறும் ஓட்டைதான் இருக்கும்.

வங்கி ஏலத்தில் எடுப்பது சுலபமில்லையா?

உரிமைச் சிக்கல் கொஞ்சம் குறைவு, அவசரம் அதிகம். ஏலம் உங்களுக்கு விழுந்தால் 25% அன்றோ மறுவேலை நாளிலோ கட்ட வேண்டும், மீதி பொதுவாக 15 நாளில். கட்டத் தவறினால் கட்டிய பணம் போய்விடும். அறிவிப்பில் ‘அடையாள சுவாதீனம்’ என்றிருந்தால் வீடு வங்கியின் கையில் இல்லை, உள்ளே ஆள் இருக்கலாம். ‘நேரடி சுவாதீனம்’ என்றிருப்பதை மட்டும் பாருங்கள்.

வீட்டில் யாரோ வலை, ஐஸ் பெட்டி போட்டு வைத்திருக்கிறார்கள். பரவாயில்லையா?

பதிவுக்கு முன் காலி செய்து தரச் சொல்லுங்கள். காவலுக்கு இருந்தவருக்கு அதனாலேயே உரிமை வந்துவிடாது. ஆனாலும் வழக்கென்று போனால் வருடங்கள் ஓடும். பல வீடுகளில் அவர் சம்பளமில்லாமல் விளக்கேற்றி, கூரை சரிந்தபோது முட்டுக் கொடுத்தவராக இருப்பார். விற்பவர் அவருக்கு ஒரு தொகை கொடுத்து, எழுதி வாங்கி, மரியாதையாக அனுப்புவதுதான் முறை. அந்தத் தொகையை யார் தருவது என்பதையும் விலைப் பேச்சிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பதிவு முடிந்தது. அடுத்து?

அன்றைக்கே பூட்டை மாற்றி, வாசலில் படமெடுங்கள். பட்டா மாறுதல், வீட்டு வரி, மின் இணைப்பு, தண்ணீர் இணைப்பு நான்கிலும் பெயர் மாற்ற அதே வாரத்தில் மனுக் கொடுங்கள். உட்பிரிவு தேவைப்பட்டால் பட்டாவுக்கு சர்வேயர் வர வேண்டியிருக்கும். நான்கு மூலையிலும் எல்லைக்கல் ஊன்றுங்கள். பிறகு கருவேலத்தை வேரோடு தோண்டி எடுங்கள். தரையோடு வெட்டினால் மறுபடி துளிர்த்து அஸ்திவாரத்துக்குள் போகும். ஐப்பசி மழைக்கு முன் கூரையில் தண்ணீர் இறங்கும் இடத்தை மட்டுமாவது அடைத்துவிடுங்கள். தரையும் வண்ணமும் அடுத்த தை வரை காத்திருக்கலாம்.